ஒரே டிக்கெட்டில் இரண்டு படம்

புதிதாக எடுத்த பிலிமைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தார் பிரிட்டிஷ் இயக்குநர் எட்கர் ரைட். அதுவும் போதாதென்று, பிலிம் சுருளைக் கார் நிறுத்துமிடத்தில் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனார். அவர் எடுத்தது ஓரிரு நிமிட டிரெய்லர்தான். பெயர் ‘டோன்ட்’. அப்படி ஒரு படமே கிடையாது. இல்லாத படத்துக்கு ஒரு டிரெய்லர் எடுத்து, அது முப்பது வருடம் ஊர் ஊராகச் சுற்றி அடிபட்ட பிரிண்ட் போலத் தெரிய வேண்டும் என்று இத்தனை பாடு பட்டார்.

அந்த டிரெய்லர் இடம்பெற்ற படம் ‘கிரைண்ட்ஹவுஸ்’. 2007 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவில் வெளியானது. குவென்டின் டரன்டினோவும் ராபர்ட் ரோட்ரிகஸும் ஆளுக்கொரு முழுநீளப் படம் எடுத்து, இரண்டையும் ஒரே டிக்கெட்டில் அடுத்தடுத்துக் காட்டினார்கள். முதலில் ரோட்ரிகஸின் ‘பிளானட் டெரர்’, பிறகு டரன்டினோவின் ‘டெத் ப்ரூஃப்’. முன்னாலும் நடுவிலும் பொய் டிரெய்லர்கள். மொத்தம் 3 மணி 11 நிமிடம். ஒரு காலத்தில் அமெரிக்காவின் மலிவு விலைக் கொட்டகைகளில் கிடைத்த அனுபவத்தை, அதன் கீறல், கிழிசல், இரைச்சல் எல்லாவற்றோடும் திரும்பக் கொண்டுவரும் முயற்சி அது.

டரன்டினோவின் வீட்டில் ரோட்ரிகஸ் பார்த்த ஒரு பழைய போஸ்டர்தான் இதற்கெல்லாம் விதை. ‘டிராக்ஸ்ட்ரிப் கேர்ள்’, ‘ராக் ஆல் நைட்’ என்ற 1957-ஆம் வருடத்துப் படங்கள் இரண்டுக்கும் சேர்த்து அச்சடித்த ஒரே போஸ்டர். அதே போஸ்டர் ரோட்ரிகஸிடமும் இருந்தது. இரண்டு படங்களையும் வெளியிட்டது அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம்.

அமெரிக்காவில் இரட்டைப் படக் காட்சி பரவலானது 1930-களில். பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாத மக்களைக் கொட்டகைக்கு இழுக்க, ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் காட்டினார்கள். பெரிய நட்சத்திரங்கள் நடித்தது முதல் படம். குறைந்த செலவில் எடுத்தது இரண்டாவது படம். வசூலில் சதவீதக் கணக்கில் பங்கு கிடைப்பது முதல் படத்துக்குத்தான். இரண்டாவதுக்கு ஒரு குறிப்பிட்ட வாடகையோடு கணக்கு முடிந்துவிடும். 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் கொட்டகைகளைக் கைவிட வேண்டியதாயிற்று. மலிவுப் படம் எடுப்பதையும் அவை மெல்லக் குறைத்துக்கொண்டன. அந்த இடத்தைப் பிடிக்கச் சின்னத் தயாரிப்பாளர்கள் வந்தார்கள்.

ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்க்காஃபும் 1954-இல் தொடங்கிய நிறுவனம், பிறகு அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் ஆனது. மலிவுப் படம் தனியாகப் போனால் வாடகைதான் மிஞ்சும் என்று கண்ட இருவரும், இரண்டு மலிவுப் படங்களை ஜோடியாகக் கட்டி, முழு நிகழ்ச்சியாகவே கொட்டகைக்காரர்களிடம் விற்றார்கள். சதவீதம் கைக்கு வந்தது. வேலை நடந்த முறையும் தலைகீழ்: முதலில் தலைப்பு, பிறகு போஸ்டர், அதைப் பார்த்துக் கொட்டகைக்காரர்கள் தலையாட்டினால் அதற்குப் பின்தான் கதை. அப்படி எடுத்த படங்களில் இளவட்டங்களின் கார் பந்தயம், ராட்சத ஜந்துகள், மோட்டார் சைக்கிள் கும்பல் என்று பெரிய ஸ்டுடியோக்கள் தொடத் தயங்கியதெல்லாம் இருந்தது. பரபரப்பான விஷயம் ஒன்றை எடுத்து, விளம்பரத்தில் ஊதிப் பெருக்கி, கூட்டம் சேர்ப்பதே இந்த எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்களின் வியாபாரம்.

அந்த வியாபாரம் எந்த எல்லைக்குப் போனது என்பதற்கு ஓர் உதாரணம். ஜெர்ரி கிராஸ் என்ற விநியோகஸ்தரிடம் ‘ஐ டிரிங்க் யுவர் பிளட்’ என்ற ரத்தக்களரிப் படம் இருந்தது. ஜோடி சேர்க்க இன்னொரு படம் தேவைப்பட்டது. 1964-இல் எடுத்து, வாங்க ஆளில்லாமல் கிடப்பில் கிடந்த ஒரு கறுப்பு வெள்ளைப் பேய்ப் படத்தை வாங்கி, அதற்கு ‘ஐ ஈட் யுவர் ஸ்கின்’ என்று பெயர் வைத்தார். ரத்தம் குடிக்கும் படமும் தோலைத் தின்னும் படமும் ஜோடியாகிவிட்டன. இரண்டாவது படத்தில் யாரும் தோலைத் தின்பதில்லை.

இவை ஓடிய இடங்கள் இரண்டு வகை. ஊருக்கு வெளியே, காரில் உட்கார்ந்தபடியே பார்க்கும் டிரைவ்-இன் கொட்டகைகள். நகரத்துக்குள், ஏறக்குறைய விடிய விடியப் படம் ஓட்டிய கிரைண்ட்ஹவுஸ் கொட்டகைகள். இவற்றில் பெயர் பெற்றவை நியூயார்க் 42-ஆம் தெருவில், ஏழாவது, எட்டாவது அவென்யூக்களுக்கு நடுவே வரிசையாக நின்றவை. கராத்தே படம், கறுப்பின நாயகர்களின் அதிரடிப் படம், இத்தாலியப் பேய்ப் படம் எல்லாம் அங்கே கலந்துகட்டி ஓடின.

எடுத்த பிரிண்டுகளோ கொஞ்சம்தான்; அவையே மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றும். பிலிம் அறுந்த இடத்தில் ஆபரேட்டர் வெட்டி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் சில பிரேம்கள் போகும். வசனம் பாதியில் துள்ளும். ஈஸ்ட்மன்கலர் பிரிண்ட் வயதாக ஆக, நீலமும் பச்சையும் வெளிறி எல்லாம் சிவப்பேறும். நம்மூர் டூரிங் டாக்கீஸில் கோடு கோடாக மழை பெய்யும் பிரிண்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1980-களில் வீடியோ கேசட் வீட்டுக்கே வந்தது. கொட்டகைக்குப் போய்ப் பார்த்ததை வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடிந்ததும் கூட்டம் கரைந்தது. 42-ஆம் தெருவை நகர நிர்வாகம் புதுப்பித்தது. அங்கிருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் அரங்கை டிஸ்னி நிறுவனம் சீரமைத்து 1997-இல் திறந்தது.

அந்த உலகம் போய்ப் பத்து வருடம் கழித்து வந்த ‘கிரைண்ட்ஹவுஸ்’, பழைய பிரிண்டின் குறைகளையே கதை சொல்லும் கருவியாக்கியது. ‘பிளானட் டெரர்’ படத்தில் நாயகனும் நாயகியும் நெருங்கும் காட்சி. திரை நடுங்குகிறது, நிறம் மாறுகிறது, பிலிம் கருகி உருகுகிறது. ஒரு ரீல் காணவில்லை, பொறுத்தருள்க என்று கொட்டகை நிர்வாகத்தின் அறிவிப்பு ஒன்று வருகிறது. படம் மறுபடி தொடங்கும்போது உணவகம் பற்றி எரிகிறது, ஷெரீஃப் குண்டடி பட்டுக் கிடக்கிறார், நாயகன் உண்மையில் யார் என்பது அங்கிருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பார்வையாளருக்கு மட்டும் கடைசி வரை தெரியாது. இருபது நிமிடம் விளக்க வேண்டிய கதையை ரோட்ரிகஸ் ஒரே அட்டையில் தாண்டிவிடுகிறார். அவர் படமெடுத்தது டிஜிட்டலில். அந்தக் கீறலும் கருகலும் கணினியில் சேர்த்தவை.

டரன்டினோ வேறொன்றைக் கண்டெடுத்தார். அவர் படம் தொடங்கும்போது ‘தண்டர் போல்ட்’ என்ற தலைப்பு ஒரு கணம் மின்னி மறைகிறது. சட்டென்று வெட்டி, கறுப்பு அட்டையில் ‘டெத் ப்ரூஃப்’ என்று வருகிறது. ஓடாத படத்தின் பெயரை மாற்றிப் புதுப் படம் போல மறுபடி வெளியிடுவது அந்தக் கால விநியோகஸ்தர்களின் வழக்கம். அந்த ஒட்டுவேலையை ஒரு நொடியில் நினைவூட்டுகிறார்.

படம் வசூலில் தோற்றது. செலவு 5 கோடி டாலருக்கு மேல். அமெரிக்காவில் வந்தது சுமார் 2.5 கோடி. ஈஸ்டர் வாரத்தில், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்துக்குக் கூட்டம் வரவில்லை. முதல் படம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துச் சிலர் எழுந்து போனதாகவும் செய்தி வந்தது. இரட்டைப் படம் என்ற பழக்கமே மறந்துபோயிருந்தது. வெளிநாடுகளில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக வெளியிட்டார்கள். ‘டெத் ப்ரூஃப்’ நீட்டப்பட்ட வடிவில் 2007 கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது.

ஆனால் அந்தப் பொய் டிரெய்லர்கள் மெய்ப் படங்களாயின. ரோட்ரிகஸின் ‘மெஷெட்டி’ டிரெய்லர் 2010-இல் டேனி ட்ரெஹோ நாயகனாக முழுநீளப் படமானது. சுமார் ஒரு கோடி டாலர் செலவு, 4 கோடிக்கு மேல் வசூல். ‘கிரைண்ட்ஹவுஸ்’ படத்தை ஒட்டி நடந்த பொய் டிரெய்லர் போட்டியில் வென்ற கனடா இளைஞர் ஜேசன் ஐஸ்னரின் ‘ஹோபோ வித் எ ஷாட்கன்’ 2011-இல் ருட்கர் ஹவுரை வைத்துப் படமானது. ஈலை ராத் எடுத்த ‘தேங்க்ஸ்கிவிங்’ 16 வருடம் காத்திருந்து 2023-இல் வந்தது. டிரெய்லர் முதலில், கதை பின்னால். அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸின் போஸ்டர் வழக்கம் தன்னை அறியாமலே திரும்பி வந்துவிட்டது.

கீறலையும் கருகலையும் போலி செய்வது எளிது. மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் பிரிண்டுக்கு நாற்பது வயது கூடிவிடும். அந்தப் பழைய படங்களின் உயிர் அதில் இல்லை. பணம் இல்லாததால் பிறந்த துணிச்சலிலும் சமயோசிதத்திலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட அஞ்சலிகளே நிற்கின்றன.

‘டெத் ப்ரூஃப்’ படத்தின் பிற்பகுதியில் கீறல்களே அநேகமாக இல்லை. ஸோயி பெல் அதில் தன் சொந்தப் பெயரிலேயே நடிக்கிறார். ‘கில் பில்’ படத்தில் உமா தர்மனுக்குப் பதிலாக அடிபட்ட சண்டைக் கலைஞர் அவர். வெள்ளை நிற 1970 டாட்ஜ் சேலஞ்சரின் பானட்டில் படுத்து, கதவுகளில் கட்டிய பெல்டுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். கார் வேகமெடுக்கிறது. கர்ட் ரஸ்ஸல் நடித்த கொலைகாரன் பின்னாலிருந்து இடிக்கிறான். ஒரு பெல்ட் நழுவுகிறது. கணினி வித்தை இல்லை. ஓடும் காரின் மேல் கிடப்பது உண்மையிலேயே அந்தப் பெண்தான். 1970-களின் கார் படங்கள் இப்படித்தான் எடுக்கப்பட்டன. அஞ்சலி என்றால் இதுதான்.

ஸ்காட் சாண்டர்ஸ் இயக்கி மைக்கேல் ஜெய் ஒயிட் நடித்த ‘பிளாக் டைனமைட்’ (2009) இன்னொரு நல்ல உதாரணம். 1970-களின் கறுப்பின நாயகப் படங்களுக்கு அஞ்சலி. சூப்பர் 16 பிலிமில் இருபதே நாளில் எடுத்தார்கள். நாயகன் வீராவேசமாகப் பேசும்போது மேலேயிருந்து மைக் இறங்கி அவர் தலைமுடியில் இடிக்கிறது. ஓரக்கண்ணால் அதைப் பார்த்துவிட்டு அவர் பேச்சைத் தொடர்கிறார். வேறொரு காட்சியில், வசனத்துக்கு முன்னால் எழுதியிருந்த நடிப்புக் குறிப்பையும் ஒருவர் வசனமாக ஒப்பிக்கிறார். மறுடேக்குக்கு பிலிம் இல்லாத படக்குழுவின் நெருக்கடி இந்தச் சிரிப்புகளில் அப்படியே தெரிகிறது.

2024-இல் 98 வயதில் மறைந்த ரோஜர் கோர்மன் இந்தச் சிக்கனக் கலையின் பெரிய ஆசான். ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தின் பெரும்பகுதியை இரண்டே நாளில் எடுத்தவர். ‘தி ரேவன்’ படத்துக்குப் போட்ட செட் பிரிக்கப்படும் முன், போரிஸ் கார்லாஃபை வைத்து அங்கேயே ‘தி டெரர்’ (1963) என்ற இன்னொரு படத்தின் காட்சிகளை எடுத்துக்கொண்டார். மீதிக் காட்சிகளை எடுத்தவர்களில் இளைஞர் பிரான்சிஸ் ஃபோர்ட் கப்போலாவும் ஒருவர். மார்ட்டின் ஸ்கார்செஸி, ஜேம்ஸ் கேமரூன் என்று அவரிடம் வேலை பழகிய பட்டியல் நீளமானது.

இயக்குநர் டை வெஸ்ட் அந்த வழியில் நேராக நடந்தார். 1979 டெக்சஸில் நடக்கும் ‘எக்ஸ்’ படத்தை நியூசிலாந்தில் எடுக்கப் போனபோது கொரோனா காலம். தனிமைப்படுத்தலில் இருந்தபடியே நடிகை மியா காத்துடன் சேர்ந்து முன்கதையை எழுதினார். ‘எக்ஸ்’ முடிந்ததும் அதே பண்ணை வீட்டில், பெரும்பாலும் அதே குழுவை வைத்து, 1918-இல் நடக்கும் ‘பேர்ல்’ படத்தை எடுத்து முடித்துவிட்டார். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. 2022 மார்ச்சில் ‘எக்ஸ்’ ஒரு திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது, படம் முடிந்ததும் ‘பேர்ல்’ டீசர் ஓடியது. இரண்டும் ஆறு மாத இடைவெளியில் கொட்டகைக்கு வந்தன. திரையில் செயற்கைக் கீறல் போடாமலேயே அசல் இரட்டைப் படம்.

அந்தப் பழைய படங்களில் போற்றத் தகாததும் நிறைய. பெண் உடலைச் சரக்காகக் காட்டியவை, கொடுமையைக் காசாக்கியவை, ஒரு இனத்தையே கேலிப்பொருளாக்கியவை உண்டு. அஞ்சலி செய்யும் இயக்குநர் எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். ‘டெத் ப்ரூஃப்’ முற்பகுதியில் பெண்கள் வெறும் பலிகள். பிற்பகுதியில் வேட்டையாடியவனை அவர்களே துரத்திப் பிடித்துப் புரட்டி எடுக்கிறார்கள். பழைய கொட்டகையின் அழுக்கை மறைக்காமல் காட்டி, கணக்கையும் அங்கேயே தீர்க்கும் முடிவு அது.

லாஸ் ஏஞ்சல்ஸில் நியூ பெவர்லி என்ற சிறிய கொட்டகை டரன்டினோவுக்குச் சொந்தம். அங்கே இன்றும் பிலிம் பிரிண்டில்தான் படம்; பல இரவுகளில் ஒரே டிக்கெட்டில் இரண்டு. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் ‘கிரைண்ட்ஹவுஸ்’ படத்தையே முழுசாகப் பார்க்கலாம். 2007-இல் இரண்டு படங்களும் தனித்தனி டிவிடியாகத்தான் வந்தன. டிரெய்லர்களோடு சேர்ந்த முழு வடிவம் 2010-இல் அமெரிக்காவில் ப்ளூ-ரேயாக வந்தது. தேடிப் பிடிக்க வேண்டியது அந்த வடிவத்தைத்தான். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, நடுவில் வரும் டிரெய்லர்களை ஓட்டிவிடாமல் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும். முதல் படம் முடிந்ததும் எழுந்து போய்விடக் கூடாது. ஸோயி பெல் பானட்டில் ஏறுவது அதற்குப் பிறகுதான்.