கணக்குக் குறிக்காக மல்லுக்கட்டிய பேராசிரியர்!

பிளஸ்-2 படிக்கும் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். பாம்பு படமெடுத்து நிற்பது போல ஒரு குறி இருக்கும். அதற்குத் "தொகையீட்டுக் குறி" என்று பெயர்.

கரை வளைந்த குளத்தின் பரப்பை எப்படிக் கணக்கிடுவது? குளத்தை மெல்லிய பட்டைகளாக மனதில் அறுக்க வேண்டும். பிறகு அத்தனை பட்டைகளையும் கூட்ட வேண்டும். இந்தக் கூட்டலுக்கு உரிய குறிதான் அது.

ஜெர்மனி நாட்டு அறிஞர் லைப்னிட்ஸ் 1675-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி இதை எழுதினார். கூட்டுத்தொகைக்கு லத்தீன் மொழியில் "சும்மா" என்று பெயர். (நம் ஊர் "சும்மா" அல்ல!) அதன் முதல் எழுத்தை நீட்டினார். குறி பிறந்தது.

அச்சில் வந்த தொல்லை

எழுதுவது எளிது. அச்சுக் கோப்பது? குறியோ உயரம். அதன் காலடியில் ஒரு சின்ன எண், தலைமாட்டில் ஒரு சின்ன எண். ஈய எழுத்துக் காலத்தில் கம்பாசிட்டர் இவற்றைக் கையால் பொருத்த வேண்டும். கூலியும் கூடுதல்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத். 1977-ம் ஆண்டு, அவர் எழுதிய நூலின் 2-ம் பாகத்துக்குப் புதுப் பதிப்பு தயாரானது. ஈய எழுத்தை விட்டுப் போட்டோ முறையில் கோத்து, புரூப் அனுப்பினார்கள். பழைய அழகு அதில் இல்லை. அவர் மனம் நொந்து போனார்.

கம்ப்யூட்டரையே கம்பாசிட்டர் ஆக்கிவிட முடிவு செய்தார். "டெக்" என்ற மொழியை உருவாக்கினார். ஓர் ஆண்டில் முடியும் என்று நினைத்த வேலை, சுமார் 10 ஆண்டுகளை விழுங்கியது!

எப்படி வேலை செய்கிறது?

ஒரு சாய்கோடு போட்டு, ஆங்கிலத்தில் "இன்ட்" என்று 3 எழுத்து அடித்தால் போதும். நெளிந்த குறி வந்துவிடும். அடிக்கோடு போட்டு 0 அடித்தால், 0 காலடிக்குப் போகும். கூரைக் குறி போட்டு 1 அடித்தால், 1 தலைமாட்டில் ஏறும். வரிக்கு நடுவே வந்தால் குறி சிறுக்கும். தனி வரியில் நின்றால் பெருக்கும்.

ஒன்றை மட்டும் மனிதர்தான் கவனிக்க வேண்டும். கணக்கின் முடிவில் வரும் "டிஎக்ஸ்" எழுத்துகளுக்கு முன்பு மயிரிழை இடைவெளி விட வேண்டும். அதற்கு ஒரு சாய்கோடும் கமாவும். புதிதாகக் கற்பவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். எழுத்துகள் ஒட்டிக்கொண்டு பெருக்கல் போலத் தோன்றும்.

கனூத் இதை விற்கவில்லை. உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்.

அந்த 2-ம் பாகம் என்ன ஆயிற்று? 1981-ம் ஆண்டு "டெக்" மூலமே அச்சாகி வந்தது. ஆசையோடு பிரித்துப் பார்த்தார். எழுத்துகளின் வடிவம் பிடிக்கவில்லை! மறுபடியும் திருத்த உட்கார்ந்துவிட்டார்.