படகு டீசல் என்ஜின்: காதுக்குக் கேட்காத ஆபத்துகள்



தெர்மல் லேபில் நாம் எல்லோருமே டீசல் என்ஜினை ஓட்டிப் பார்த்திருக்கிறோம். அங்கே கோளாறு என்றால் நிறுத்திவிட்டு வராண்டாவுக்கு வந்துவிடலாம். அதே என்ஜின் ஒரு மீன்பிடிப் படகின் அடித்தட்டில், கரை தெரியாத தூரத்தில் ஓடும்போது வராண்டா ஏது?

1953ல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்தோ-நார்வே திட்டத்துக்குப் பிறகுதான் நம் கரைகளில் விசைப்படகு பெருகியது. எங்கள் அப்பா அப்படி ஒரு படகின் டிரைவர். படிப்பு அஞ்சாவதோடு சரி. ஆனால், "சத்தம் மாறிச்சுன்னா தூக்கத்துலயும் எனக்குத் தெரியும்டா" என்பார். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் படகு என்ஜினில் சில ஆபத்துகள் சத்தமே போடுவதில்லை. நம்முடைய பாடப்புத்தகம் உதவ வேண்டிய இடம் அதுதான்.

ஸ்டார்ட் செய்யும் முன்

முதலில் என்ஜின் அறை மூடியைத் திறந்து நன்றாகக் காற்றாட விட வேண்டும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் அந்த அறையில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது.

பிறகு ஆயில் மட்டம், கூலன்ட், பெல்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அடித்தட்டில் தேங்கிய நீரில் டீசல் மினுமினுத்தால் எங்கோ கசிவு என்று பொருள். டீசல் ஏறத்தாழ 210 டிகிரி செல்சியஸுக்கு மேல் தானாகவே பற்றக்கூடியது. லோடில் ஓடும் என்ஜினின் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு அதைவிடச் சூடாக இருக்கும். தெறிக்கும் டீசல் அதன்மேல் பட்டால் தீதான்.

கடல்நீரால் குளிரும் என்ஜின் என்றால் கடல்நீர் வால்வைத் திறக்க மறக்கக்கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சில நிமிடங்களிலேயே கருகிவிடும். அந்த வால்வு இருக்கும் இடம் படகின் உடம்பில் போட்ட ஓட்டை என்பதையும் நினைவில் வையுங்கள். குழாய் கிழிந்தால் கடல் உள்ளே வரும். இருட்டிலும் கை அந்த வால்வுக்குப் போக வேண்டும்.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா, விசிறியில் வலை, கயிறு சுற்றவில்லையா என்று பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும்.

ஓடும்போது

ஸ்டார்ட் ஆனதும் ஆயில் பிரஷர் சில விநாடிகளில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். கடல்நீர் வெளியேறும் குழாயில் தண்ணீர் விழுகிறதா என்றும் பாருங்கள்.

எக்சாஸ்ட் குழாயில் ஒரு சிறு விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அடித்தட்டில் சேரும். இதற்கும் மணம் கிடையாது. தலைவலி, மயக்கம் வந்தால் "கடல் ஒத்துக்கலை" என்று படுத்துக்கொள்ளாமல் மேல்தளத்துக்கு வந்துவிட வேண்டும். என்ஜின் அறையை ஒட்டிப் படுத்துத் தூங்குவதும் ஆபத்து.

இன்ஜெக்டர் குழாயில் கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். சுற்றும் ஷாஃப்ட் பக்கம் லுங்கி, துண்டோடு போகாதீர்கள்.

சூடு ஏறினால் லோடைக் குறைத்து, நிறுத்தி, ஆறவிட வேண்டும். ஒரு பார் அழுத்த மூடிக்குள் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியே அது நீராவியாகச் சீறும். என் சித்தப்பாவின் கழுத்தில் உள்ள தழும்பு அப்படி வந்ததுதான். மூடியைத் திறக்கும் முன் உள்ளே ஒரு சத்தமும் இல்லையாம்.

நிறுத்தும்போது

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை 16 முதல் 22 மடங்கு வரை அமுக்கிய சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. ஆகவே மெக்கானிக்கல் பம்ப் உள்ள என்ஜினை நிறுத்த பேட்டரி வயரைப் பிடுங்கிப் பயனில்லை. ஆல்டர்னேட்டர் டையோடுதான் எரியும். சில நிமிடம் ஐடிலில் விட்டு, டீசலைத்தான் நிறுத்த வேண்டும்.

டீசலை நிறுத்திய பிறகும் வேகம் ஏறினால் என்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது என்று அர்த்தம். அப்போது காற்றுதான் ஒரே வழி. காற்று நுழையும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல. முடியாவிட்டால் விலகி ஓடுங்கள்.

நண்பர்களே, எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். "உன் படிப்பு எனக்கு என்னடா செய்யும்?" என்று அப்பா ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார். மேலே சொன்னதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழிதி என்ஜின் அறைக் கதவில் ஒட்டினேன். படித்துவிட்டு, "பீடி மேட்டரை மட்டும் பெருசா எழுது, பசங்க பார்க்கட்டும்" என்றார். உங்கள் ஊரில் படகோ, பம்ப்செட்டோ, ஜெனரேட்டரோ எது இருந்தாலும் அதற்கும் இப்படி ஒரு தாள் ஒட்டலாமே. செலவு அரை அட்டையும் கொஞ்சம் பசையும்தான்.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்