கிரியாட்டினின் 1.1 என்றால் நிம்மதியா?

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்ததும் தடித்த எழுத்தில் ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்றுதான் பலரும் முதலில் பார்ப்போம். ஒன்றும் இல்லையென்றால் தாளை மடித்து வைத்துவிடுவோம். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை இந்தப் பழக்கம் நம்மை ஏமாற்றிவிடும்.

கிரியாட்டினின் தசைகளில் உருவாகும் கழிவு. தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகி, சிறுநீரில் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தால் அது ரத்தத்தில் தேங்கும். ஆனால் ஒருவருக்கு எவ்வளவு கிரியாட்டினின் உருவாகும் என்பது அவர் உடலில் உள்ள தசையைப் பொறுத்தது. இங்கேதான் சிக்கல்.

25 வயது ஆண், 65 வயதுப் பெண் இருவருக்குமே கிரியாட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். பல ஆய்வகங்களின் கணக்கில் இருவருமே இயல்பு. வயது, பாலினம் சேர்த்துக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், இளைஞரின் சிறுநீரகம் நிமிடத்துக்கு 95 மில்லிலிட்டருக்கு மேல் வடிகட்டுகிறது. அந்த அம்மாவுடையது சுமார் 56தான். இந்த எண்ணைத்தான் ஆய்வகத் தாளில் 'இஜிஎஃப்ஆர்' என்று போடுகிறார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் இது 60க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பொருள். அதனால் ஒருமுறை குறைந்ததுமே பதறவேண்டாம். முந்தைய நாள் நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலோ, வாந்தி பேதியில் உடல் வறண்டிருந்தாலோகூட எண் மாறும்.

யூரியாவை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. தண்ணீர் குறைவாகக் குடித்தாலே அது ஏறிவிடும்.

ரத்தத்தைவிட முன்னதாக எச்சரிப்பது பல நேரம் சிறுநீர்தான். சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக அனுப்புகின்றன. அந்த வடிகட்டி பழுதாகத் தொடங்கும்போது ஆல்புமின் என்ற புரதம் கசியும். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்புமின் இருந்தால் கவனிக்கவேண்டும். அப்போது கிரியாட்டினின் முழு இயல்பாகவே இருக்கலாம். இந்தப் பரிசோதனைக்குக் கொஞ்சம் சிறுநீர் போதும். இருந்தும் சர்க்கரை நோயாளிகள் பலர் இதைச் செய்வதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பவை சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அடுத்த எதிரி நம் தெருமுனை மருந்துக் கடையிலேயே இருக்கிறது. மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் தானாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையே குறைக்கும். வெயிலில் வேலை செய்து உடல் வறண்டிருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இன்னொன்று: 'சிறுநீரகத்துக்கு நல்லது' என்று இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் குடிப்பவர்கள் உண்டு. நலமாக இருப்பவருக்குக் குறையில்லை. ஆனால் நோய் முற்றியவர்களுக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யலாம். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லும் அறிவுரையும் அவர்களுக்குப் பொருந்தாது. உப்பு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: நாளைக்கு 5 கிராமுக்குள்.

உங்களுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், அடுத்தமுறை மருத்துவரிடம் இஜிஎஃப்ஆர், சிறுநீர் ஆல்புமின் இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது.