அம்மா இல்லாமல் ஓர் இரவு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகே குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் ஓய்வூதியம் எடுக்க வங்கிக்கு வருவார். உடன் மகனும் வருவார். டவுன் சிண்ட்ரோம் உடைய அம்மகனுக்கு வயது 38. தாய் வரிசையில் நிற்கும் நேரத்தில், பாஸ்புக் அச்சிடும் இயந்திரத்தில் இருவருடைய புத்தகங்களையும் வைத்து எடுப்பது மகனின் வேலை. அந்தக் கரகர ஓசை முடியும்வரை காத்திருந்து, புதிய பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டே தாயிடம் நீட்டுவார்.

தாய்க்கு 72 வயதாகிறது. மகன் பிறந்த நாள் முதல் இருவரும் ஓர் இரவுகூடப் பிரிந்து இருந்ததில்லை. சென்ற ஆண்டின் பிற்பகுதியில் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோதும், மருத்துவமனையில் தங்காமல் அன்று மாலையே வீடு திரும்பிவிட்டார். "நான் இல்லாத ஒரு ராத்திரியை அவன் பார்த்ததே இல்லை. அதை முதன்முதலாக எப்போது பார்க்கப் போகிறான் என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது" என்று ஒருநாள் அவர் சொன்னார். அந்த அச்சம்தான் அவரை, நகரத்துப் பெற்றோர் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்த இரண்டு நாள் மைசூர்ப் பயணத்தில் மகனின் பெயரைப் பதியச் செய்தது. பெற்றோர் எவரும் உடன்வரக் கூடாது என்பது பயணத்தின் முதல் விதி. தன்னார்வலர்களுள் ஒருவனாக நானும் சென்றேன்.

புறப்பட்டவர்கள் 11 பேர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என நிலைகள் வேறு வேறு. எல்லோரும் 24 முதல் 46 வயது வரையிலான பெரியவர்கள். துணைக்கு நாங்கள் எட்டுப் பேர். பயணம் இரண்டே நாள்தான் எனினும் ஆயத்தம் ஏழு வாரங்கள் நடந்தது. அதில் பெரும்பகுதி ஒரே ஒரு தாளைப் பற்றியது. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: என்ன மருந்து, எந்த வேளையில், எந்த உணவு ஆகாது, எதைக் கண்டால் அஞ்சுவார், வலி எடுத்தால் அதை எப்படிக் காட்டுவார், கோபம் வந்தால் எது ஆற்றும். இவற்றுள் வலியைப் பற்றிய கேள்விதான் பெற்றோரை நெடுநேரம் யோசிக்க வைத்தது. பேச்சு வராத தம் மகள், பல்வலி வந்தால் இடக்காதைப் பிடித்துக்கொள்வாள் என்று ஒரு தந்தை எழுதினார். அதைக் கண்டுபிடிக்கத் தமக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின என்றும் அடைப்புக்குறிக்குள் சேர்த்திருந்தார்.

இன்னொரு தந்தை தாளை நிரப்பாமலே திருப்பித் தந்தார். அவருக்கும் மகள். "யாரை நம்பி அனுப்புவது?" என்று கேட்டார். அக்கேள்வியில் தவறேதும் இல்லை. தன்னார்வலர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று பெறப்பட்டிருந்தது. பெண்களின் அறைக்கும் குளியலுக்கும் பெண்களே துணை; எவரும் எவரோடும் மூடிய அறைக்குள் தனியே இருப்பதில்லை; குறைந்தது இருவர் எப்போதும் இருக்க வேண்டும். இவையனைத்தையும் கேட்டுக்கொண்ட பிறகும் அவர் அனுப்பவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

பயணிகளிடமும் தனித்தனியே கேட்கப்பட்டது. ரயில், அரண்மனை, விலங்குக் காட்சிசாலை ஆகியவற்றின் படங்களைக் காட்டி, வர விருப்பமா என்று கேட்டார்கள். ஒருவர் ரயில் படத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓர் இளைஞர் எல்லாப் படங்களையும் கவிழ்த்து வைத்தார். பணம் கட்டியாயிற்றே என்று அவருடைய அண்ணன் வாதாடிப் பார்த்தார். குழுவோ பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பெரியவர் ஒருவர் வரமாட்டேன் என்றால் அது வரமாட்டேன் என்பதுதானே!

பயணச்சீட்டு குறித்து, பலர் அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கும், உடன்செல்லும் துணைவர் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பு, தூங்கும் வசதி வகுப்பு ஆகியவற்றில் ரயில்வே 75 சதவீதக் கட்டணச் சலுகை அளிக்கிறது. அரசு மருத்துவர் அளிக்கும் சலுகைச் சான்றைக் கொண்டு ரயில்வேயின் அடையாள அட்டையை ஒருமுறை பெற்றுவிட்டால், பின்னர் முன்பதிவு எளிது. எங்கள் குழுவில் நால்வரிடம் மட்டுமே அவ்வட்டை இருந்தது. மற்றவர்களுக்கு இனிமேல்தான் வாங்க வேண்டும்.

ஞாயிறு காலை ரயில் நிலையத்தில், அன்று உடுத்தியிருந்த உடையோடு ஒவ்வொருவரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். கூட்டத்தில் எவரேனும் தவறிவிட்டால், "என்ன நிறச் சட்டை?" என்று பதறி நினைவுகூர வேண்டியதில்லை. தொலைபேசி எண் எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிடாமல் பைக்குள் வைத்தோம். பள்ளிப் பிள்ளைகளைப் போல அட்டை மாட்டி நடத்தினால், காண்பவர்களும் பிள்ளைகளிடம் பேசுவது போலவே பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.

வழிநெடுகப் பார்ப்பதற்குப் பஞ்சமில்லை. ராமநகரத்துப் பாறைக் குன்றுகள் தெரிந்ததும், ஆட்டிசம் உடைய ஒருவர் எழுந்து நின்று "ஷோலே, 1975" என்றார். அப்படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. அடுத்து சென்னபட்டணம், அரக்குச் சாயம் பூசிய மரப் பொம்மைகளின் ஊர். அதன்பின் மத்தூர் வடைக்காரர் பெட்டிக்குள் ஏறினார். ஒவ்வொருவரின் பணப்பையிலும் ஐம்பது ரூபாய்த் தாள்கள் பத்து இருந்தன. சில்லறை கணக்கிட எளிதாக இருக்கட்டும் என்று பெற்றோர் செய்த ஏற்பாடு அது. ஆசிரியையின் மகன் இரண்டு தாள்களை நீட்டினார். வடைக்காரர் மீதியை என் கையில் கொடுக்க வந்தார். "பணம் கொடுத்தவர் அவர்" என்றேன். வடைக்காரர் ஒரு கணம் தயங்கிவிட்டு, அவர் உள்ளங்கையில் ஒவ்வொரு நாணயமாக எண்ணி வைத்தார். அவரும் உடன் எண்ணினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிமேல் வண்டி சென்றபோது பெட்டியில் பாதிப் பேர் சாளரத்தின் பக்கம் இருந்தனர். அவரோ இன்னும் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

மைசூரில் மதிய உணவுக்குச் சென்ற இடத்தில் பரிமாறுபவர், "இவருக்கு என்ன வேண்டும்?" என்று தன்னார்வலரையே கேட்டார். இப்படிப்பட்ட பயணங்களில் குறைந்தது பத்து முறை கேட்கக்கூடிய கேள்வி இது. "அவரையே கேளுங்கள், அண்ணா" என்பதே ஒவ்வொரு முறையும் எங்கள் விடை. மாலை நேரத்துக்குள் எனக்கே சலித்துவிட்டது. ஆயுள் முழுவதும் இதைக் கேட்பவர்களுக்கு எப்படியிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

ரயில் நிலையத்தின் அருகிலேயே உள்ள ரயில் அருங்காட்சியகம் 1979-இல் தொடங்கப்பட்டது. மைசூர் மகாராணி பயணம் செய்த பெட்டி அங்கே இருக்கிறது. ஆயினும் எங்கள் குழுவின் மனத்தைக் கவர்ந்தது சிறிய விளையாட்டு ரயில்தான். ரயில் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தவர் மூன்று சுற்றுகள் போன பிறகும் இறங்க மறுத்தார். "இன்னும் ஒரு சுற்று, பிறகு காபி" என்று ஒப்பந்தம் ஆயிற்று. அவர் ஒப்பந்தத்தைக் காப்பாற்றினார். காபிக் கடைதான் மூடியிருந்தது. அதற்காக அரைமணி நேரம் அவருடைய கோபத்துக்கு ஆளானோம். எங்கள் மேல்தான் தவறு.

ஞாயிறு மாலைகளில் மைசூர் அரண்மனையில் ஏறத்தாழ ஒரு லட்சம் விளக்குகள் ஒரே நொடியில் ஒளிர்கின்றன. பயணத்தின் உச்சமாக நாங்கள் திட்டமிட்டிருந்தது அதைத்தான். விளக்குகள் எரிந்ததும் கூட்டம் எழுப்பிய ஆரவாரம், 45 வயதுப் பெண்மணி ஒருவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார். இரண்டு பெண் தன்னார்வலர்கள் அவரை வேனுக்கு அழைத்துச் சென்று கதவை மூடி, விளக்கை அணைத்து, ஒன்றும் பேசாமல் அருகில் இருந்தார்கள். அவருடைய தாளில் பட்டாசுச் சத்தம் ஆகாது என்று இருந்தது. மனிதர்களின் கூச்சலும் அதைப் போன்றதே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் விலங்குக் காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கியின் முன் அவர் நெடுநேரம் நின்றார். மற்றவர்கள் மின்கல வண்டியில் சுற்றி வந்தபோதும் அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. 1892-இல் நிறுவப்பட்ட அந்தக் காட்சிசாலையின் பிற பகுதிகளை அவர் பார்க்கவேயில்லை.

இத்தகைய பயணங்களைச் சிலர் ஆடம்பரமாகவும் சிலர் தருமமாகவும் கருதுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பிறருக்கு நிகராகப் பங்கேற்பதை உரிமையாகவே கூறுகிறது. இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையிலும் அது உண்டு. நடைமுறையில் இவ்வுரிமைக்கு உருவம் கொடுப்பவர்கள் ஆங்காங்கே உள்ள சிறு குழுக்கள்தாம். டெல்லியில் 2016-இல் தொடங்கப்பட்ட பிளானட் ஏபிள்ட் என்னும் நிறுவனம், பலவகைக் குறைபாடு உடையவர்களும் குறைபாடு இல்லாதவர்களும் சேர்ந்து செல்லும் சுற்றுலாக்களை நடத்துகிறது. புனேயில், 19 வயதில் பார்வையை இழந்த திவ்யான்ஷு கணாத்ரா நிறுவிய அமைப்பு, பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் ஒரே இரட்டை மிதிவண்டியை மிதித்துச் செல்லும் பயணங்களை இமயமலைச் சாலைகள்வரை கொண்டுசென்றிருக்கிறது.

"எனக்குப் பிறகு யார்?" என்னும் கேள்வி வங்கியின் மேசைக்கும் அடிக்கடி வருகிறது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவை உடைய பெரியவர்களுக்கு, 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். அக்குழு தரும் சான்றை ஏற்றுக் கணக்கு தொடங்கவும் நடத்தவும் வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. காப்பாளர் ஆறு மாதங்களுக்குள் சொத்துப் பட்டியலையும், ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் அளிக்க வேண்டும். ஆயினும் காப்பாளர் எல்லோருக்கும் தேவை என்பதில்லை. தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமை மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டென்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. மகனோ மகளோ தாமாகச் செய்யக்கூடியது எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகு இந்த முடிவை எடுப்பது நல்லது. வீட்டுக்குள் இருந்தபடியே அதைத் தெரிந்துகொள்வது கடினம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு வருகிறேன். விடுதியில் எல்லோரும் உறங்கிய பின்னும் ஆசிரியையின் மகன் கட்டிலின் விளிம்பில் அமர்ந்திருந்தார். அழவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தோம், பாட்டு வைத்தோம், விளக்கை அணைத்தும் போட்டும் பார்த்தோம். மணி பன்னிரண்டு ஆயிற்று. அவசரமின்றி வீட்டாரை அழைப்பதில்லை என்பது ஏற்பாடு. அழைத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவர் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை. என்னுடன் இருந்த கன்னட இளைஞருக்குத்தான் அது உறைத்தது. கதவின் மேற்புறத்தில் ஒரு பழைய தாழ்ப்பாளும் இருந்தது. அதை அவர் ஓசையெழ இழுத்துப் போட்டார். கட்டிலில் இருந்தவர் நிமிர்ந்தார். பிறகு எழுந்து வந்து, தாழ்ப்பாளை விலக்கி, தம் கையால் மீண்டும் போட்டார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். போய்ப் படுத்தவர் ஐந்து நிமிடங்களில் உறங்கிவிட்டார்.

திங்கள் இரவு பெங்களூர் நிலையத்தில் தாயிடம் இதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "தினமும் ராத்திரி நான்தான் தாழ்ப்பாள் போடுவேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறான் என்று எனக்கே தெரியாதே" என்றார். தாமும் அன்றிரவு உறங்கவில்லை என்பதைப் பிறகு ஒப்புக்கொண்டார். மகன் அதற்குள் பணப்பையைத் திறந்து, மீதியிருந்த தாள்களைத் தாய்க்கு எண்ணிக் காட்டத் தொடங்கிவிட்டார்.

அடுத்த பயணம் ஹம்பிக்கு என்று பேச்சிருக்கிறது, மூன்று இரவுகள். அரண்மனை விளக்குகளுக்கு அஞ்சிய பெண்மணி வரவில்லை என்று சொல்லிவிட்டார். மகளை அனுப்பாத தந்தை, ஆயத்தக் கூட்டத்துக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். ஆசிரியையின் வீட்டில் இப்போது இரவுதோறும் தாழ்ப்பாள் போடுவது மகன்தான்.