ஆடிய கோப்பையும் நனைந்த மூட்டையும்

மாடியில் கழிப்பறை, கீழே கிடங்கு. நம் வணிகர்கள் பலருக்கும் இதுதான் அமைப்பு. முழங்கால் வலி வந்தபின் நாங்களும் பழைய கோப்பையை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் கோப்பை வைத்தோம். அவசர வேலை. பழைய சிமெண்டைச் செதுக்காமலே ஸ்குரூ முடுக்கிவிட்டார்கள். கோப்பை லேசாக ஆடியது, அலட்சியமாக விட்டோம். மூன்றே மாதத்தில் இணைப்பு விட்டு, கீழே நான்கு மூட்டை சர்க்கரை நனைந்தது.

கழற்றிப் பார்த்தால், கழிவுக்குழாய் வாயில் இருந்த ஃபிளேன்ஜ் வளையம் ஒருபுறம் உயர்ந்து நின்றது. அப்படி நின்றால் ரப்பர் ஒருபக்கம் அழுந்தும், மறுபக்கம் வழிவிடும்.

எனவே வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை: முதலில் பழைய சிமெண்டைச் செதுக்கி, வளையத்தை மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரப்பரைப் புதிதாகப் போட வேண்டும். கோப்பையை வைத்து ரசமட்டம் பார்த்து, ஆடும் பக்கம் பிளாஸ்டிக் ஆப்பு செருக வேண்டும். ஸ்குரூக்களை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரேயடியாக முடுக்கினால் பீங்கான் கீறிவிடும். பல வாளி தண்ணீர் ஊற்றி, கசிவில்லை என்று கண்ட பிறகே வெள்ளை சிமெண்ட் பூச வேண்டும். பின்புறம் சிறு இடைவெளி விட்டால், பிற்காலக் கசிவு கண்ணுக்குத் தெரியும்.

தராசு சாய்ந்தால் உடனே சரிசெய்கிறோம். கோப்பை ஆடினாலும் அப்படியே செய்வோம். அரைநாள் கூலியை மிச்சம் பிடித்துச் சரக்கை இழப்பது வியாபாரமல்ல.