முதல் டென்னிஸ் ரக்கெட்: பிள்ளையின் இன்றைய கைக்குப் பார்த்து வாங்குங்கள்

கொச்சிக்கடை, ஜம்பட்டா வீதிப் பக்கத்து ஒழுங்கைகளில் வளரும் பிள்ளைகளுக்கு டென்னிஸ் வாசலில் கிடைக்கும் விளையாட்டல்ல. மென்பந்துக் கிரிக்கெட்டும், கேற்றுக்குக் கேற் கயிறு கட்டி ஆடும் பட்மின்டனும்தான் கையில் முதலில் படிகின்றன. டென்னிஸ் பழக ஆசை வந்தால் பாடசாலையில் கோர்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் பஸ் ஏறிக் கறுவாத்தோட்டப் பக்கம் போக வேண்டும்.

அவ்வளவு பாடுபடுகிற பெற்றோர் ரக்கெட் விஷயத்தில் மட்டும் சறுக்குகிறார்கள். "வளர்ற பிள்ளைதானே" என்று சப்பாத்து வாங்குவதுபோல ஒரு அளவு கூட்டி வாங்குகிறார்கள். அல்லது லண்டனிலிருந்து லீவுக்கு வந்த மாமா விட்டுப்போன ரக்கெட்டைத் தூசி தட்டிக் கொடுக்கிறார்கள். பெரிய சப்பாத்துக்குள் பஞ்சு வைத்துச் சமாளிக்கலாம். பாரமான ரக்கெட்டை அப்படிச் சமாளிக்க வழியில்லை. அதன் பாரம் முழுவதையும் முழங்கையும் தோளும்தான் சுமக்க வேண்டும்.

நோவு எங்கே வரும்?

'டென்னிஸ் எல்போ' என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்போம். 1883இலேயே பிரித்தானிய மருத்துவ இதழில் அது பற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் முழங்கையின் வெளிப்பக்கத்தைப் பிடிக்கும் அந்த நோவு பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையின் சிக்கல் வேறு.

அந்த வயதில் எலும்பு நீள்கிற இடங்களிலும், தசைநார் எலும்பைப் பற்றுகிற சில இடங்களிலும் இன்னும் குருத்தெலும்புதான் இருக்கும். தசைநாரைவிட அது பலம் குறைந்தது. வளர்ந்தவருக்குத் தசைநார் நொந்துபோகிற அதே இழுவை, பிள்ளைக்கு அந்தக் குருத்தெலும்பைப் பதம் பார்க்கிறது. இப்படி நோகக்கூடிய இடங்களில் முழங்கையின் உட்பக்கம், தோள், மணிக்கட்டு ஆகியவை முக்கியமானவை. சேர்வ் போட முதுகை வளைக்கும்போது கீழ் முதுகும் அப்படித்தான். அங்கே விடாமல் நோவு இருந்தால், எலும்பில் மெல்லிய வெடிப்பு விழுந்திருக்கவும் கூடும்.

கழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கடையில் ரக்கெட்டைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்க்க வேண்டாம். சட்டகம் இரண்டாகப் பிரிகிற கழுத்தின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் தலையின் பரப்பு, பாரம், ஸ்ட்ரிங் இழுவை எல்லாம் அச்சிட்டிருக்கும்.

முழு அளவு ரக்கெட்டின் வழக்கமான நீளம் 27 அங்குலம். ஏறக்குறைய 150 சென்ரிமீற்றர் உயரம் தாண்டிய பிள்ளைக்கு அது சரி. அதற்குக் குறைவென்றால் 26 அல்லது 25 அங்குலம் போதும். ஆறு மாதத்தில் மாற்ற வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

27 அங்குல ரக்கெட்டின் பாரம் 260 முதல் 285 கிராம் வரை இருக்கட்டும். அச்சிட்டிருப்பது பெரும்பாலும் ஸ்ட்ரிங் இல்லாத பாரம்; பின்னிய பிறகு இன்னும் பதினைந்து கிராமாவது கூடும். அதற்காக ஆக மெல்லியதைத் தேடுவதும் பிழை. மிக மெல்லிய, விறைப்பான ரக்கெட்டில் பந்து மோதும் அதிர்வை உள்வாங்கப் போதிய பாரம் இருக்காது. அந்த அதிர்ச்சி நேரே கைக்குள் ஏறும்.

தலையின் பரப்பு 100 முதல் 105 சதுர அங்குலம். பழைய மர ரக்கெட்டுகளில் அது 65, 70 தான். பனிச்சறுக்குப் பலகை செய்து பேர்பெற்ற ஹவர்ட் ஹெட் என்ற அமெரிக்கர், ஓய்வுக்குப் பிறகு டென்னிஸ் பழகப்போய்ப் பந்து நடுவில் படாமல் அவதிப்பட்டார். அதன் விளைவாகவே 1976இல் 'பிரின்ஸ்' நிறுவனத்தின் பெரிய தலை ரக்கெட் வந்தது. பழகுநரின் பந்து பாதி நேரம் ஓரத்தில்தான் படும். அகலமான தலை அப்போது கையில் குறைவாகவே முறுகும். முன்கைக்கு அது பெரிய உபகாரம்.

மாமாவின் ரக்கெட்

நல்ல கொம்பனி ரக்கெட்தான், சந்தேகமில்லை. ஆனால் வளர்ந்த ஆண் ஒருவர் ஆடியது 300 கிராமுக்கு மேலே இருக்கும். அதில் போலியெஸ்டர் ஸ்ட்ரிங் பின்னியிருந்தால் இன்னும் மோசம். அது விறைப்பானது, சில வாரங்களிலேயே துள்ளல் செத்துவிடும். வருடக்கணக்கில் அலுமாரியில் கிடந்ததைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் பழைய ஸ்ட்ரிங்கை வெட்டி எறிந்துவிட்டு, சிந்தெற்றிக் கட் போன்ற மென்மையான ஸ்ட்ரிங்கை 50 இறாத்தல் இழுவை அளவில் பின்னிக் கொடுங்கள்.

ஸ்ட்ரிங்குக்கு நடுவே செருகும் சின்ன ரப்பர்த் துண்டு கையைக் காக்கும் என்று சில கடைகளில் சொல்வார்கள். அது சத்தத்தைத்தான் குறைக்கும்.

பிடியும் வியர்வையும்

பிள்ளை ரக்கெட்டைப் பிடித்திருக்கும்போது, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கைக்கும் இடையே மற்றக் கையின் சுட்டுவிரல் ஒன்று நுழைய வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவே தடுமாறினால் சின்னதையே எடுங்கள். மேலே நாடா சுற்றிப் பருமனாக்கலாம். பெரியதைச் சிறிதாக்குவது கஷ்டம்.

கொழும்புப் புழுக்கத்தில் அந்த நாடா சீக்கிரம் நனைந்து வழுக்கும். வழுக்கினால் பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிப் பிடித்தபடி ஒரு மணித்தியாலம் ஆடினால் முன்கைத் தசை களைத்துவிடும். நாடா விலை பெரிதல்ல, அடிக்கடி மாற்றுங்கள். மழையில் நனைந்த பந்தாலும் ஆட விடாதீர்கள். அது பாரம் கூடியது. தொடக்க மாதங்களில் பச்சைப் புள்ளிப் பந்து நல்லது. சாதாரணப் பந்தைவிட வேகம் கால்வாசி குறைவு.

பட்மின்டன் கை

நம் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பட்மின்டன் ரக்கெட் நூறு கிராமும் தேறாது; அங்கே மணிக்கட்டைச் சுண்டினால் போதும். அதே பழக்கத்தோடு மூன்று மடங்கு பாரத்தைச் சுண்டினால் மணிக்கட்டு தாங்காது. டென்னிஸில் பலம் கால், இடுப்பு, தோள் வழியாக வர வேண்டும். எத்தனை நல்ல ரக்கெட் வாங்கினாலும் சுண்டுகிற பழக்கத்தைத் திருத்துவது பயிற்றுநர்தான். முதல் மாதம் சேர்வைக் குறைத்து, உடம்பின் பலத்தோடு வீசப் பழக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எப்போது வைத்தியரிடம்?

ஆடிய அன்று மாலை கை உளைவது சாதாரணம். மறுநாளும் நோவு இருந்தால், முழங்கை முழுதாக நீளாவிட்டால், மூட்டு வீங்கினால், இரவில் நோவால் விழித்தால், கீழ் முதுகு நோவு இரண்டு வாரம் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். எண்ணெய் பூசி உருவிவிட்டு மறுநாளே கோர்ட்டுக்கு அனுப்புவது ஆகக் கூடாத வேலை. கிழமைக்கு ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். கிழமையில் ஆடும் மொத்த மணித்தியாலம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு.

வைத்தியரிடம் போகும்போது ரக்கெட்டையும் கொண்டுபோங்கள். எப்போது பின்னியது, கிழமைக்கு எத்தனை நாள் ஆடுகிறார், எந்த அடியில் நோகிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.