மீதி யாருக்கு? 102400 என்ற எண்ணை முன்வைத்து

ஏம்பலம், பாகூர்ப் பக்கம் நிலம் பற்றிப் பேசும்போது இன்றும் காணி, குழி என்ற சொற்கள் வந்து விழும். காணி நிலத்தின் பெயர். பழைய தமிழ்க் கணக்கில் 80இல் ஒரு பங்குக்கும் அதுதான் பெயர். 20இல் ஒன்று மா. 320இல் ஒன்று முந்திரி. முந்திரியை மறுபடி 320ஆகக் கூறுபோட்டால் கீழ்முந்திரி, அதாவது 102400இல் ஒன்று. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி வழியாக மனப்பாடம் செய்தது இந்தக் கணக்கைத்தான். இம்மரபுக்கும் சமூகத்துக்குமான உறவைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர் செந்தில் பாபு 2022இல் வந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இங்கே நாம் பார்க்கப்போவது அந்த எண்ணின் உட்கட்டமைப்பை மட்டும்.

102400ஐப் பகா எண்களாக உடைத்தால் 2 பன்னிரண்டு தடவை, 5 இரண்டு தடவை. அவ்வளவுதான். பாதி, கால், அரைக்கால், ஐந்தில் ஒன்று எல்லாம் மிச்சமில்லாமல் விழும். மூணு பேர் வந்து நின்றால்? 320 முந்திரியில் ஆளுக்கு 106, மீதி 2. சரி, இன்னும் பொடிசாக அளப்போம் என்று கீழ்முந்திரிக்கு இறங்கினால் ஆளுக்கு 34133, மீதி 1. அதையும் 320ஆக வெட்டினால் மொத்தம் 3,27,68,000 கூறு. மீதி மறுபடி 2. எத்தனை தடவை இறங்கினாலும் 2, 1, 2, 1 என்றே போகும். எண் பெருத்துக்கொண்டே போகிறது. உள்ளே இருப்பது அதே 2ம் 5ம். உள்ளே இல்லாத 3 பெருக்கலால் பிறந்துவிடாது. நம் தசமக் கணக்குக்கும் இதே கதிதான்: 10 என்பது 2ம் 5ம், ஆகவே 0.333... முடிவதேயில்லை.

இப்போது நிலத்துக்கு வருவோம். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி: 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி: 57600 சதுர அடி. 102400ஐவிடச் சின்ன எண். ஆனால் 102400ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 39, 57600க்கு 81. காரணம், இதற்குள் 3 இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேரோடு தங்கச்சியும் பங்கு கேட்டால் ஆளுக்கு 33 குழியும் 192 சதுர அடியும். மீதி கிடையாது. மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்று 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தம் சொல்லியாயிற்று. 'கணக்கு இடிக்குது' என்று அவளைத் திருப்பி அனுப்ப இந்த எண்ணில் இடமில்லை.

மரபுக் கணக்கிலும் 3க்கு இடமுண்டு. ஆனால் கீழ்முந்திரிக்கும் கீழே, இம்மியில். இம்மிக்கு 1075200இல் ஒன்று, 2150400இல் ஒன்று என இரண்டு அளவுகள் கிடைக்கின்றன. இரண்டிலும் 3ம் 7ம் நுழைந்துவிட்டன. இரண்டாவது அளவில் மூன்றில் ஒரு பங்கு சரியாக 716800 இம்மி. முந்திரியை எத்தனை முறை நறுக்கியும் வராத பங்கு, புதிய பகா எண் உள்ளே வந்ததும் வந்துவிட்டது. 'இம்மியளவும் விடமாட்டேன்' என்கிறவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

பெரிய எண்ணைக் காட்டி 'எல்லாருக்கும் இடமிருக்கு' என்று சொல்கிறவர்களிடம் அது எவ்வளவு பெரிது என்று கேட்டுப் பயனில்லை. எதால் வகுபடும், மீதி விழுந்தால் யார் மடியில் விழும் என்று கேட்க வேண்டும்.